கோடும் முகமும்: ஜோன் மிலியின் ஒளிவரைவுப் படங்கள் – தோட்டப்புற நோக்கில் ஒரு திறனாய்வு

முன்னுரை

ஃபோட்டோகிராபி என்னும் சொல்லின் கிரேக்க வேர்கள் ஒளியையும் வரைதலையும் குறிப்பன. தமிழில் இக்கலையின் விளைவைப் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று பெயர்களால் வழங்கி வருகிறோம். இவற்றுள் மூலப்பொருளுக்கு நெருங்கி நிற்பது ஒளிப்படம் என்பதாகும். ஆயினும் நாம் நாள்தோறும் காணும் படங்களில் ஒளி வரைவதில்லை. நொடியின் ஒரு சிறு பின்னத்தில் காட்சியைப் பதித்துவிட்டு அகன்றுவிடுகிறது. ஒளியே எழுதுகோலாகி, இருளே தாளாகி, அசைவே கோடாகி நிற்கும் படவகை ஒன்று தனியே உண்டு. அதனை இக்கட்டுரை 'ஒளிவரைவு' என்னும் பெயரால் சுட்டுகிறது.

இவ்வகைப் படங்களால் புகழ்பெற்ற ஜோன் மிலியின் (1904–1984) படைப்பு வாழ்க்கையை முதன்மைப் பொருளாகக் கொண்டு, அவருக்கு முன்னர் இதே உத்தி எவ்வாறு பயன்பட்டது என்பதையும், மந்தின் முதலிய நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களின் வாழ்வை அறிந்த நாம் அதனை எவ்வாறு மதிப்பிடல் வேண்டும் என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒளிவரைவின் வரலாற்றில் தொழிலாளியின் கை முக்கியமான இடம் பெற்றிருக்கிறது. அவன் முகம் அவ்விடத்தைப் பெறவில்லை. இவ்வேறுபாடு அழகியல் சார்ந்தது மட்டுமன்று. அறம் சார்ந்ததுமாகும் என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

ஒளிவரைவின் இயல்பு

ஒளிவரைவுக்குரிய ஏற்பாடு எளிமையானது. இருள் சூழ்ந்த இடத்தில் முக்காலியின்மீது கருவியை அசையாது நிறுத்தி, அதன் மூடியைப் பல நொடிகளோ பல நிமிடங்களோ திறந்து வைத்தல் வேண்டும். அந்நேரத்தில் கருவியின் முன் ஒரு சிறுவிளக்கு நகருமாயின், அது சென்ற வழியெல்லாம் கோடாகப் பதிவாகும். விளக்கு மெல்ல நகர்ந்தால் கோடு தடித்து ஒளிரும்; விரைந்தால் மெலியும். விளக்கை ஏந்தியவர் கருநிற உடையணிந்து ஓரிடத்தில் நில்லாது இயங்கினால் அவர் உருவம் படத்தில் பதியாது. ஆகவே ஒளிவரைவின் அடிப்படை விதியை இவ்வாறு கூறலாம்: செயல் எஞ்சும், செய்தவர் மறைவார்.

இக்காட்சி நமக்குப் புதியதன்று. எரியும் கொள்ளியைச் சுழற்றினால் நெருப்பு வட்டமாகத் தோன்றுவதைக் கொள்ளிவட்டம் என்னும் சொல்லால் தமிழர் குறித்தனர். வடமொழியில் இது அலாதசக்கரம் எனப்படும். கௌடபாதர் இயற்றிய மாண்டூக்கியக் காரிகையின் நான்காம் பகுதி அலாதசாந்தி என்றே பெயர் பெற்றுள்ளது. கொள்ளி அசையும்போது தோன்றும் வடிவங்கள் அது அசைவற்றபோது இல்லையாகின்றன என்பதை உவமையாக்கி, தோற்றத்தின் நிலையின்மையை அந்நூல் உணர்த்துகிறது. தீபாவளி இரவில் மத்தாப்பால் தம் பெயரைக் காற்றில் எழுதும் சிறுவர்களும் இவ்வுண்மையை அறிவர். முதலெழுத்து மறையுமுன் அடுத்த எழுத்தை எழுதிவிட விரைகின்றனர்.

மெய்யியலார் நிலையற்ற தோற்றத்திற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டதனை ஒளிப்படக் கருவி நிலைத்த ஆவணமாக மாற்றிவிடுகிறது. இம்மாற்றம் நிகழ்ந்தவுடன் ஒரு வினா எழுகிறது. அவ்வாவணம் யாருக்கு உரியது? விளக்கை அசைத்தவருக்கா, கருவியைத் திறந்து வைத்தவருக்கா? இவ்வினாவை மனத்திற்கொண்டே இதன் வரலாற்றை நோக்குதல் தகும்.

தொழிலாளியின் விரலில் ஒரு விளக்கு

ஒளிவரைவு கலைக்கூடத்தில் பிறந்ததன்று, ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. பிரான்சு நாட்டில் உடலசைவுகளை ஆராய்ந்த எத்தியேன் ழூல் மாரே என்பவரும் அவருடைய உதவியாளர் ஜோர்ஜ் தெமெனியும் 1889ஆம் ஆண்டில் நடப்பவர் ஒருவரின் உடல் மூட்டுகளில் சிறுவிளக்குகளைப் பொருத்தி, நடையின் தடத்தைப் படமாக்கினர். நடையின் குறைபாட்டை அறிதல் அவர்தம் நோக்கமாக இருந்தது.

ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின்னர் அமெரிக்காவில் பிராங்க் கில்பிரத் (1868–1924), லில்லியன் கில்பிரத் (1878–1972) என்னும் இணையர் இவ்வுத்தியைத் தொழிற்சாலைக்குள் கொண்டு சென்றனர். பிராங்க் கில்பிரத் இளமையில் செங்கல் அடுக்கும் கொத்துவேலை பயின்றவர். ஒரு செங்கல்லை அடுக்குவதற்குக் கொத்தனார் செய்யும் 18 அசைவுகளை ஐந்தளவுக்குக் குறைத்துக் காட்டியதால் பெயர் பெற்றவர். 1910களில் இவ்விருவரும் தொழிலாளியின் விரலில் சிறு மின்விளக்கைக் கட்டி, அவர் வேலை செய்யும் நேரம் முழுவதும் கருவியைத் திறந்து வைத்து, கை சென்ற தடத்தை ஒரே படத்தில் பதித்தனர். பின்னர் மின்னோட்டத்தைச் சீரான இடைவெளியில் துண்டித்து, தொடர்கோட்டைச் சிறுசிறு கீற்றுகளாக மாற்றினர். கீற்றுகளைக் கொண்டு அசைவின் வேகத்தையும் திசையையும் அளக்க முடிந்தது. அத்தடங்களைக் கம்பியால் வளைத்து மாதிரிகளாகச் செய்து, சிறந்த ஒரே முறை இதுவென ஏனையோருக்குக் கற்பிக்கவும் முற்பட்டனர்.

கில்பிரத் இணையரின் நோக்கத்தில் நன்மையே இல்லை எனல் நேர்மையாகாது. வீண் அசைவைக் குறைத்தால் தொழிலாளியின் களைப்பும் குறையும் என அவர்கள் நம்பினர். களைப்பைப் பற்றித் தனிநூலே எழுதினர். ஆயினும் அப்படங்களின் அமைப்பை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. வெண்மையான கோடு கூர்மையாகத் தெரிகிறது. அதனை வரைந்த மனிதர் மங்கிய புகைபோலத் தெரிகிறார். பின்னணியில் அளவுக்கட்டங்கள் உள்ளன, கடிகாரம் உள்ளது. பெரும்பாலான படங்களில் தொழிலாளியின் பெயர் இல்லை. பல்லாண்டுப் பழக்கத்தால் ஒருவர் கையில் படிந்திருந்த அறிவு, கோடாக உரித்தெடுக்கப்பட்டு, மேலாளரின் மேசைக்குச் செல்கிறது. கொத்தனாருக்கு உரியதாக இருந்த கைத்திறன் அலுவலகத்தின் உடைமையாகிறது.

கில்பிரத்தின் படங்கள் மலாயாத் தோட்டங்களைக் கருதி எடுக்கப்பட்டவையல்ல. எனினும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்பட்டு, செக்ரோலில் புள்ளியாகப் பதிந்து, நிறுத்த பாலின் எடையாக மட்டும் அலுவலகத்திற்குத் தெரியவந்த ஒரு சமுதாயம், அப்படங்களில் தனக்கு அறிமுகமான ஒன்றைக் காணாமல் இருக்க இயலாது.

ஜோன் மிலியின் படைப்பு வாழ்க்கை

ஜோன் மிலி அல்பேனியாவில் பிறந்து ருமேனியாவில் வளர்ந்தவர். 1923ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் பயின்றார். 1927இல் பட்டம் பெற்றபின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் விளக்கொளி ஆராய்ச்சியில் ஈடுபட்டார். அங்குப் பணியாற்றிய காலத்தில், மின்பளிச்சு விளக்கை வளர்த்தெடுத்த ஹரோல்ட் எட்ஜர்ட்டன் என்னும் பேராசிரியரோடு ஏற்பட்ட தொடர்பு அவர் வாழ்வின் திருப்பமாக அமைந்தது. மிகக் குறுகிய நேரமே ஒளிரும் அவ்விளக்கைக் கொண்டு, கண்ணால் பிரித்தறிய முடியாத அசைவுகளை அவர் படமாக்கினார். 1939 முதல் 'லைஃப்' இதழுக்காகப் படமெடுக்கத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அத்தொடர்பைப் பேணினார்.

மிலியின் படைப்புகளில் இரு போக்குகள் உள. ஒன்று, பளிச்சு விளக்கை மீண்டும் மீண்டும் ஒளிரச் செய்து, ஒரு நடனமணியின் தொடரசைவை ஒரே படத்தில் பல உருவங்களாக அடுக்குதல். மற்றொன்று, அசையும் பொருளில் விளக்கைக் கட்டி அதன் தடத்தை வரையச் செய்தல். பனித்தரைச் சறுக்காட்டம் ஆடுவோரின் காலணிகளில் சிறுவிளக்குகளைப் பொருத்தி எடுத்த படங்களும், 1952இல் வயலின் மேதை ஜாஷா ஹைஃபெட்சின் வில்லில் விளக்கைப் பொருத்தி எடுத்த படமும் இரண்டாம் போக்குக்குச் சான்றுகளாகும். 'ஜாமின் த புளூஸ்' என்னும் பத்து நிமிட இசைப்படத்தை 1944இல் இயக்கியவரும் அவரே. அதிலும் இருளும் கோடும் இசைக்கலைஞரின் முகமுமே காட்சியை ஆள்கின்றன.

இவருடைய வாழ்க்கையை நோக்குமிடத்து ஒரு தொடர்ச்சி தெளிவாகிறது. பொறியாளராக ஒளியை அளந்தவர், கலைஞராகி அதே ஒளியை அளவைக்கு அப்பால் கொண்டு சென்றார். கில்பிரத்துக்கும் இவருக்கும் கருவி ஏறக்குறைய ஒன்றே. கையில் விளக்கு, திறந்த கருவி, இருள் என்னும் மூன்றும் இருவரிடமும் உள்ளன. பயன் மட்டும் வேறு. கில்பிரத் வீண் அசைவைக் களைவதற்காகக் கோட்டைத் தேடினார். மிலியோ கணக்கில் வீண் எனப்படும் வளைவிலும் நெளிவிலும் ஆளின் தனித்தன்மையைக் கண்டார்.

வல்லோரிஸ், 1949

மிலியின் படங்களுள் உலகறிந்தவை, தென் பிரான்சில் உள்ள வல்லோரிஸ் என்னும் ஊரில் 1949ஆம் ஆண்டு ஓவியர் பாப்லோ பிக்காசோவைக் கொண்டு எடுத்தவையாகும். சறுக்காட்டப் படங்களை மிலி காட்டியபோது, ஒரு சோதனைக்காகப் பதினைந்து நிமிடங்கள் தர ஓவியர் இசைந்தார். விளைவைக் கண்டபின் ஐந்து அமர்வுகளுக்கு உடன்பட்டு, ஏறத்தாழ முப்பது ஓவியங்களைச் சிறுவிளக்கால் காற்றில் வரைந்தார். எருதும் நரமாவும் முகவடிவங்களும் அவற்றுள் அடங்கும். இப்படங்கள் 1950ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'லைஃப்' இதழில் வெளிவந்தன.

இப்படங்களைத் திறனாய்வு நோக்கில் காணும்போது இரண்டு கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, ஓவியர் தாம் வரைவதைத் தாம் காணாமலே வரைகிறார் என்பதாகும். தாளில் வரைபவர் முன்னிட்ட கோட்டைப் பார்த்து அடுத்த கோட்டை இடுவார். இங்கு முன்னிட்ட கோடு உடனே மறைந்துவிடுகிறது. நரமாவின் முதுகு எங்கே முடிந்தது, கால் எங்கே தொடங்கவேண்டும் என்பதைக் கை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. ஆகவே இப்படங்கள் பதிவு செய்வது ஓவியத்தை மட்டுமன்று. பல்லாண்டுப் பயிற்சியால் கையில் ஊறிய நினைவாற்றலையும்தான்.

இரண்டாவது கூறு அதனினும் முக்கியமானது. இப்படங்களில் இரு ஒளிகள் உள்ளன. ஒன்று, ஓவியர் கையில் இருந்து கோடு வரையும் சிறுவிளக்கு. மற்றொன்று, ஒரு கணம் மட்டும் வெடித்தொளிர்ந்து ஓவியரின் உருவத்தைப் பதிக்கும் பளிச்சு விளக்கு. அவ்விரண்டாம் ஒளி இல்லையேல் படத்தில் நரமா மட்டுமே இருக்கும். பளிச்சு விளக்கே பிக்காசோவின் ஊன்றிய பார்வையையும் ஏந்திய கையையும் நமக்குத் தருகிறது. செய்தவர் மறைவார் என்னும் ஒளிவரைவின் விதியை மிலி இந்த இரண்டாம் ஒளியால் வென்றார். அவருடைய பெருமை இதில்தான் அடங்கியுள்ளது எனலாம்.

அதே வேளையில் ஒரு குறையையும் சுட்டுதல் திறனாய்வாளரின் கடனாகும். மிலியின் ஒளிவரைவுகளில் புகழ்பெற்றவை பெரும்பாலும் முன்னரே பெயர் பெற்றிருந்தவர்களுடையவை. ஓவியர், வயலின் மேதை, சறுக்காட்டக் கலைஞர் ஆகியோர் முகத்தோடும் பெயரோடும் நிற்கின்றனர். இவ்வுத்தி எவருடைய விரலில் வளர்ந்ததோ அந்தத் தொழிலாளிக்கு அந்த இரண்டாம் ஒளி கிட்டவில்லை. ஒரே உத்தி புகழுடையாருக்கு முகத்தையும் உழைப்பாளிக்கு மங்கலையும் அளித்தது என்பதே இவ்வரலாற்றின் தீராத முரணாகும்.

படிக்கப்படாத பெயர்

இம்முரணை விளக்க மற்றொரு கலைஞரின் படம் துணைசெய்யும். மேன் ரே என்னும் கலைஞர் 1935ஆம் ஆண்டில் தம்மையே படமெடுத்தபோது, சிறுவிளக்கொன்றைக் கருவியின் முன் சுழற்றினார். அப்படத்தில் சுழிகளும் வளைவுகளும் நிறைந்துள்ளன. நோக்கமின்றிக் கிறுக்கியவை என்றே அவை நெடுங்காலம் கருதப்பட்டன. 2009ஆம் ஆண்டில் எலன் கேரி என்னும் ஒளிப்படக் கலைஞர் அப்படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தபோது, அச்சுழிகளுக்குள் மேன் ரேயின் கையெழுத்து இருப்பதைக் கண்டறிந்தார். கருவியை நோக்கி நின்று எழுதுபவரின் எழுத்து கருவிக்கு இடம்வலம் மாறித் தெரியும் என்பதே அது மறைந்திருந்ததற்குக் காரணம். 74 ஆண்டுகள் பலரும் பார்த்த படத்தில் பெயர் இருந்தது. படிப்பதற்குரிய பக்கத்திலிருந்து எவரும் பார்க்கவில்லை.

உழைப்பின் தடமும் இத்தகையதே. அது கண்முன் கிடக்கிறது. உழைத்தவரின் பக்கத்தில் நின்று நோக்கினாலன்றி அதில் உள்ள பெயர் புலப்படாது.

மந்தின் தோட்டப்புறமும் விடியற்கால விளக்கும்

மந்தின், நெகிரி செம்பிலானின் சிரம்பான் மாவட்டத்தில், செமினியிலிருந்து சிரம்பானுக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் அமைந்த ஊராகும். ஈயச் சுரங்கமும் பால்மரமும் வளர்த்த வட்டாரம் இது. நாட்டின் ஏனைய பகுதிகளைப் போன்றே இங்கும் பால்மரம் செம்பனைக்கும், தோட்டம் வீடமைப்புப் பகுதிகளுக்கும் இடம்விட்டு வந்துள்ளது. தோட்ட விடியலைத் தமிழ்ப் புனைவிலக்கியம் பதிவு செய்துள்ளது. தமிழகத்து அகிலன்கூட 'பால்மரக் காட்டினிலே' என நாவல் எழுதினார். ஆனால் அவ்விடியலை ஒளிப்படம் எவ்வாறு பதிவு செய்யவேண்டும் என்பது பற்றிய சிந்தனை நம்மிடையே போதிய அளவு வளரவில்லை.

பால்மரத் தொழில் விடியலுக்கு முன் தொடங்குவதற்கு இயற்கையான காரணம் உண்டு. இரவிலும் வைகறையிலும் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக வெளியேற்றுவதால் அவ்வழுத்தம் தணிந்து பால் ஒழுகுவது குறையும். ஆகவே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருளிலேயே நிரையில் இறங்கும் வழக்கம் ஏற்பட்டது. ஒருவருக்குரிய நிரையில் நானூறு, ஐந்நூறு மரங்கள்வரை இருக்கும். ஒவ்வொரு மரத்திலும் முன்வெட்டின் கோட்டைப் பின்பற்றி, இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சரிந்து, மரத்தைப் பாதியளவு சுற்றிவரும் வகையில் மெல்லிய பட்டையைச் சீவி எடுக்கவேண்டும். வெட்டு ஆழமானால் உள்ளிருக்கும் வளர்படலம் காயமுறும். ஆழம் குறைந்தால் பால் வாராது. இடையே உள்ள அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதனை இருளில் அறிவது உளி பிடித்த கையாகும்.

இக்காட்சியை ஒளிவரைவுக் கருவியின் முன் வைத்து எண்ணிப் பார்க்கலாம். மரத்திற்கும் மரத்திற்கும் இடையே நடக்கும்போது நெற்றிவிளக்கின் கோடு மெலிந்து நீளும். மரத்தருகே நின்று சீவும்போது விளக்கு மெல்ல நகர்வதால் தடித்து ஒளிரும். தலை மரத்தோடு சேர்ந்து வளைந்து இறங்கும், குனிந்து மங்கைச் சரிசெய்யும்போது தாழும், மீண்டும் எழும். நிரை முழுவதும் முடிச்சிட்ட நூல்போல அக்கோடு நீளும். மேலும் ஒரு சிறப்பு உண்டு. ஒளிவரைவில் இருவகை கூறுவர்: விளக்கைக் கருவியை நோக்கிக் காட்டிக் கோடு வரைதல் ஒன்று, விளக்கொளியைப் பொருளின்மீது பாய்ச்சி அதனை இருளிலிருந்து வெளிக்கொணர்தல் மற்றொன்று. 1970களில் டீன் சேம்பர்லின் போன்றோர் வளர்த்தது இரண்டாம் வகையாகும். பால்வெட்டுபவரின் நெற்றிவிளக்கோ இரண்டையும் ஒருங்கே செய்கிறது. திரும்பும்போது கோடு வரைகிறது. மரத்தை நோக்கும்போது பட்டையையும் உளியையும் மங்கில் விழும் பாலையும் ஒளியூட்டுகிறது. கலைஞர் இருவேறு முறைகளாகப் பயின்றதனை, தொழில் ஒரே விளக்கால் நாள்தோறும் நிகழ்த்தி வந்துள்ளது.

ஆயினும் இங்குதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இத்தகைய படம் ஒன்று எடுக்கப்பட்டால் அது கண்ணைக் கவரும் என்பதில் ஐயமில்லை. கருமையான மரநிரையில் பொற்கோடுகள் நெளியும் காட்சியைச் சுவரில் மாட்டுவர், நாட்காட்டியில் அச்சிடுவர். அதில் பால்வெட்டியவர் எங்கே? மழைநாளில் வெட்டின்றி வருவாய் இழந்தவரும், கொசுக்கடியில் நின்றவரும், தோட்டம் விற்கப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறியவரும் அக்கோட்டில் தெரியமாட்டார். அவ்வாறு அழகாக மட்டும் அமையும் படம், நோக்கத்தால் மிலியைச் சார்ந்ததுபோலத் தோன்றினும், விளைவால் கில்பிரத்தையே சார்ந்ததாகிவிடும். கோட்டை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடும் செயலே இரண்டிலும் நிகழ்கிறது.

ஆகவே தோட்டப்புறத்தைப் படமாக்க முனையும் இளைஞர்களுக்கும் அவர்களை நெறிப்படுத்தும் ஆசிரியர்களுக்கும் மிலியின் வல்லோரிஸ் படங்கள் தரும் பாடம் இரண்டாம் ஒளியைப் பற்றியதாகும். கோடு வரையப்படும் நேரத்தில் ஒரு கணமேனும் பளிச்சு விளக்கைத் தொழிலாளியின் முகத்திற்கு அளித்தல் வேண்டும். அதற்கு அவருடைய இசைவைப் பெறுதல் வேண்டும். படத்தின் கீழ் 'பால்மரத் தோட்டம், வைகறை' என எழுதுவதோடு அமையாது, அவர் விரும்பினால் அவர் பெயரையும், அவர் எத்தனை ஆண்டுகள் அந்நிரையில் வெட்டினார் என்பதையும், அவர் வாய்மொழியில் வழங்கும் தொழிற்சொற்களையும் எழுதுதல் வேண்டும். இன்று நீள்பதிவு வசதி பல கைப்பேசிகளிலேயே கிடைப்பதால், இதற்குப் பெரும்பொருள் தேவைப்படாது. உளியை நேரில் பிடித்தவர்கள் முதுமை எய்தி வருகின்றனர் என்பதால் காலம் மட்டுமே குறைவாக உள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன தெளிவாகும். ஒளிவரைவு, உடலசைவை அளக்கும் ஆய்வில் தோன்றி, உழைப்பை அளக்கும் கருவியாக வளர்ந்து, பின்னரே தனிமனிதப் படைப்பாற்றலைப் போற்றும் கலையாக மலர்ந்தது. ஜோன் மிலி அதன் தொழில்நுட்பத்தைப் புதிதாகக் கண்டவர் அல்லர். கோட்டோடு முகத்தையும் சேர்த்து, செயலையும் செய்தவரையும் ஒரே படத்தில் நிறுத்தியதே அவருடைய தனிச்சிறப்பு. அச்சிறப்பு பெயர் பெற்றோரின் எல்லையைத் தாண்டி உழைப்பாளிக்குச் சென்று சேராதது அவ்வரலாற்றின் குறையாகும்.

அக்குறையை நிறைவு செய்வதற்கான பொருள் நம் தோட்டப்புறங்களில் உள்ளது. பிக்காசோ தாம் இட்ட கோட்டைக் காணாது கையின் நினைவால் நரமாவை வரைந்தார். இருளில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தைத் தவறாது சீவிய கையின் நினைவு அதனினும் தாழ்ந்ததன்று. முன்னதைக் கலையென ஏற்கும் திறனாய்வு பின்னதையும் அதே அளவுகோலால் நோக்கக் கடமைப்பட்டுள்ளது. பால்மரங்கள் வீழ்த்தப்பட்ட நிலத்தில் அக்கோடுகளை மீண்டும் வரைய இயலாது. மந்தின் வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் சிறுதோட்டங்களிலும், முன்னாள் தொழிலாளர்களின் கையசைவிலும், அவர்தம் சொற்களிலும் அவை இன்னும் முற்றும் அணையவில்லை. அவற்றைப் பதிவு செய்வோர் முகத்தையும் பெயரையும் மறவாது பதிவு செய்வாராக.